திருட்டு கேசட்டின் விலை

சோஃபியா,
1998 மார்ச் 12

அண்ணி,

இந்தக் கடிதத்தைப் பிரிக்காமலே அடுப்பில் போட்டுவிடாதீர்கள். உங்கள் வீட்டுக்கு டெலிபோன் அடித்தால் இணைப்பைத் துண்டித்தாகிவிட்டது என்கிறார்கள். கீழ்வீட்டு நம்பருக்கு அடித்தால் அந்த அம்மாள் மாடி ஏறிப்போய்க் கேட்டுவிட்டு வந்து, "வீட்ல இல்லைன்னு சொல்லச் சொன்னாங்க" என்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன்.

வெலிசார் அண்ணன் போய் ஒரு வருஷம் ஆகிறது. அவன் குழுவில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த நான், அதை விட்டுவிட்டு இந்த இசைக் கம்பெனியில் விற்பனை மேனேஜராகச் சேர்ந்ததை அவன் கடைசிவரை மன்னிக்கவில்லை. நீங்களும் மன்னிக்கவில்லை என்று தெரியும். அதைப் பேச வரவில்லை.

அண்ணன் கடைசியாகப் போட்ட பாட்டுகளை நீங்கள் பாடிப் பதிவு செய்து வைத்திருப்பதாக உங்கள் கிளாரினெட்காரர் சாலி சொன்னார். அதை எங்கள் கம்பெனி வெளியிட வேண்டும் என்று கேட்கிறேன். உடனே போன கேசட்டின் கதை உங்களுக்கு ஞாபகம் வரும். நாங்கள் கடையில் வைத்த விலை, இன்றைய பணத்தில் சொன்னால், நாலாயிரம் லெவா. சந்தையில் அதே பாட்டு திருட்டு கேசட்டில் ஆயிரத்து ஐந்நூறு. ஊரெல்லாம் பாடியது. கடைகளிலிருந்து கேசட்டுகள் தூசியோடு திரும்பி வந்தன.

இந்த ஒரு வருஷமாக நான் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஜனங்கள் திருடர்கள் இல்லை அண்ணி. பாக்கெட்டில் இருப்பதற்கு ஏற்ற மாதிரி வாங்குகிறார்கள், அவ்வளவுதான். திருட்டு கேசட்டில் இரைச்சல் வரும், நாடா சிக்கும், அட்டையில் முகம் தெரியாது. அதெல்லாம் அவர்களுக்கும் தெரியும். நல்ல கேசட் கொஞ்சம்தான் கூடுதல் என்றால் நல்லதையே எடுப்பார்கள். நான் ரூசே சந்தையில் நின்று பார்த்திருக்கிறேன். அந்தக் 'கொஞ்சம்' ஐந்நூறைத் தாண்டக்கூடாது. இரண்டாயிரத்துக்கு நாம் விற்றால் திருட்டு கேசட்காரன் கடையைக் கட்ட வேண்டியதுதான். இசைக் கடைகள் வேண்டாம். சிகரெட் விற்கும் கியாஸ்க்குகளில் போடலாம், எல்லா ஊரிலும் ஒரே நாளில். அவன் நகல் எடுத்து முடிப்பதற்குள் எல்லார் வீட்டிலும் நம் கேசட் இருக்கும்.

ஒன்று மட்டும். இந்த விலையில் கேசட்டுக்கு இவ்வளவு என்று பங்கு கொடுக்க முடியாது. பாட்டுகளை மொத்தமாக ஒரு தொகைக்குக் கம்பெனிக்கு எழுதிக் கொடுப்பது போல இருக்கும். அதை நேரில் பேசலாம்.

அசேன்

* * *

புர்காஸ்,
1998 மார்ச் 20

அசேன்,

அடுப்பில் போடவில்லை. அடுப்பு எரிந்தால்தானே போடுவதற்கு.

பக்கம் பக்கமாக ரூசே சந்தை, கியாஸ்க், இரைச்சல் என்று எழுதிவிட்டு, கடைசியில் பூனை மாதிரி ஒன்றை உள்ளே விட்டிருக்கிறாய். மொத்தமாக எழுதிக் கொடுப்பது. உன் அண்ணன் போட்ட பாட்டை. அதைத்தானே முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்.

நீ சொல்வது எனக்குத் தெரியாதது இல்லை. என் பால்கனியிலிருந்து பார்த்தால் பஸ் நிலையம். அதன் பக்கத்தில் ஜெல்யாஸ்கோவின் கடை. நாலு மேசை, இரண்டு ஒலிபெருக்கி. காலையிலிருந்து என் குரலைத்தான் போட்டு அலறவிடுகிறான். நான் வெங்காயம் நறுக்கும்போது கீழே நான் காதலித்து உருகிக்கொண்டிருக்கிறேன். போன இலையுதிர் காலத்தில் ஒரு நாள் பொறுக்க முடியாமல் இறங்கிப் போய், இது என்ன விலை என்று கேட்டேன். அவனுக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது.

"உங்களுக்குச் சும்மாவே தர்றேன் பிசேராக்கா, எடுத்துக்குங்க."

"என் பாட்டை எனக்கே சும்மா தர்றியா?"

"கோவப்படாதீங்க. நான் இல்லேன்னா டோப்ரிச்ல உங்கள எவனுக்குத் தெரியும்? உங்க கம்பெனி வெச்ச விலைக்கு யாரு வாங்குவா, டாக்டரா? டாக்டருக்கே சம்பளம் வரல."

டோப்ரிச்சிலிருந்து அந்த வாரம்தான் ஒரு கல்யாணத்தில் பாடக் கூப்பிட்டிருந்தார்கள். அவன் கேசட்டைக் கேட்டுத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். அவன் பொய் சொல்லவில்லை.

ஆகையால் விலையைக் குறைக்க வேண்டும் என்பதை நீ எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். என் கேள்வி வேறு. கடைக்காரன் பங்கு போகிறது, அட்டை மெலிசாகிறது, என் பங்கு இல்லாமலே போகிறது. உன் முதலாளி டிரைகோவின் பங்கு எங்கே குறைகிறது? அதை மட்டும் நீ எழுதவில்லையே.

பிசேரா

* * *

சோஃபியா,
1998 ஏப்ரல் 2

அண்ணி,

நீங்கள் கேட்டதை நான் டிரைகோவிடம் கேட்டேன். நம்ப மாட்டீர்கள், ஆனால் கேட்டேன். அவர் சிரிக்கக்கூட இல்லை. "அசேன், போன தடவ நஷ்டத்த யாரு தாங்கினது? பாட்டுக்காரங்க வந்து பாதி குடுத்தாங்களா?" என்றார். இரண்டாயிரத்தில் வரி போக, நாடா போக, அச்சு போக, கியாஸ்க்காரன் போக மிஞ்சுவது ரொம்பச் சின்னது. அதை இரண்டாகப் பிரித்தால் இரண்டு பேருக்கும் ஒன்றும் இருக்காது. லட்சக்கணக்கில் விற்றால்தான் கம்பெனிக்கு லாபம். விற்காவிட்டால் நஷ்டம் அவருடையது. உங்களுக்கு எப்படியும் தொகை கையில் வந்துவிடும். இதில் யார் அபாயத்தில் இருக்கிறார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

சாலி சொல்லித்தான் தெரிந்தது, இந்தக் குளிர்காலம் முழுக்க நீங்கள் வீட்டில் கோட்டைப் போட்டுக்கொண்டே இருந்தீர்கள் என்று. வெப்பக் கட்டணம் பாக்கி, அதனால் வீட்டைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாயை அடைத்துவிட்டார்கள் என்று. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அண்ணன் இருந்திருந்தால் எழுதிக் கொடுத்திருக்க மாட்டான். அது எனக்குத் தெரியும். ஆனால் அவன் பிடிவாதமாக வைத்திருந்த ஒவ்வொரு பாட்டும் ஜெல்யாஸ்கோ மேசைக்குத்தான் போய்ச் சேர்ந்தது. நீங்களே யோசியுங்கள்.

அசேன்

* * *

புர்காஸ்,
1998 மே 6

அசேன்,

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். உன் வாதத்துக்காக இல்லை. குளிருக்காக.

ஒரு நிபந்தனை. இதிலிருந்து ஒரு பெட்டிகூட ஜெல்யாஸ்கோ கைக்குப் போகக்கூடாது. அவன் கடை மூடுவதை நான் பால்கனியில் நின்று பார்க்க வேண்டும். அது நடந்தால் உன்னை ஒரு நாள் சாப்பிடக் கூப்பிடுவேன். அதற்கு முன்னால் வராதே.

பி.

* * *

சோஃபியா,
1998 செப்டம்பர் 28

அண்ணி,

நீங்கள் கியாஸ்க் பக்கம் போயிருந்தால் பார்த்திருப்பீர்கள். முதல் அச்சு பத்து நாளில் தீர்ந்தது. இரண்டாவதை லாரியிலிருந்து இறக்கும்போதே பிரித்து எடுத்துக்கொண்டு போனார்கள். ஸ்டாரா ஸகோராவில் ஒரு கிழவர் மூன்று கேசட் வாங்கினாராம். எதற்கு மூன்று என்று நம் ஆள் கேட்டதற்கு, "இந்த விலைக்கு நெசமான கேசட்டு வரும்னு நான் நெனச்சே பாத்ததில்ல, நாளைக்கு ஏத்திடுவீங்க" என்றாராம். இன்றைக்கு எல்லாக் கம்பெனிகளும் டிரைகோவுக்கு டெலிபோன் செய்து, அந்த விலை உங்களுக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது என்று கேட்கின்றன. அவர் ரிசீவரை என்னிடம் கொடுக்கிறார். எனக்கு எவ்வளவு கர்வம் என்று உங்களிடம் மறைக்கப்போவதில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்று நான் நினைத்த மாதிரியே நடந்திருக்கிறது.

சந்தைகளில் திருட்டு கேசட் கிட்டத்தட்ட இல்லை. ஐந்நூறு லெவா மிச்சப்படுத்த யாரும் இரைச்சலை வாங்குவதில்லை. திருட்டு கேசட்காரர்களே டிரைகோவைப் பார்க்க வந்துவிட்டார்கள். எந்தச் சந்தையில், எந்தத் தெருவில், எந்தப் பாட்டு போகும் என்று அவர்களுக்கு அத்துப்படி. அவர்களை எதிரில் வைத்திருப்பதைவிட நம் பக்கம் வைத்திருப்பது நல்லது என்று முடிவாயிற்று. கடற்கரை மாவட்டங்களுக்கு விநியோகம் ஜெல்யாஸ்கோவிடம் போயிருக்கிறது. என் முடிவு இல்லை. நான் எதிர்த்தேன். எதிர்த்தேன் என்றால், கூட்டத்தில் பேசினேன்.

உங்கள் குரல் எல்லா வீட்டிலும் இருக்கிறது அண்ணி. அதை நினைத்துச் சந்தோஷப்படுங்கள்.

அசேன்

* * *

புர்காஸ்,
1998 அக்டோபர் 15

கூட்டத்தில் பேசினாயாம்.

நேற்று கதவு தட்டும் சத்தம். திறந்தால் ஜெல்யாஸ்கோ. டை கட்டியிருக்கிறான். கையில் சாக்லேட் பெட்டி. "இப்ப நாம ஒரே கம்பெனிக்காரங்க ஆயிட்டோம் பிசேராக்கா, அதான் மரியாதைக்குப் பாத்துட்டுப் போலாம்னு." கடை மூடத்தான் செய்தது. அதே இடத்தில் கண்ணாடி வைத்து ஆபீஸ் கட்டிவிட்டான். பால்கனியிலிருந்து நன்றாகத் தெரிகிறது. இரண்டு ஒலிபெருக்கியும் அப்படியே இருக்கின்றன. முன்பு திருடிப் போட்டான், இப்போது ரசீதோடு போடுகிறான். எனக்கு வித்தியாசம் கேட்கவில்லை.

சாக்லேட்டைக் கீழ்வீட்டு அம்மாளிடம் கொடுத்துவிட்டேன்.

சந்தோஷப்படு என்கிறாய். கேள். கல்யாணங்களுக்குக் கூப்பிடுகிறார்கள், உண்மைதான், முன்னைவிட அதிகம். போன வாரம் கார்னொபாத்தில் பெண்ணின் அப்பா என் கூலியைக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார். "என்னம்மா இது, உங்க பாட்டு முழுசும் ரெண்டாயிரத்துக்குக் கெடைக்குது, ஒரு ராத்திரிக்கு இவ்வளவு கேக்கறீங்க." நான் என்ன சொல்வது? கேசட்டில் வேலை செய்வது நாடா, இங்கே வேலை செய்வது தொண்டை என்றா? நீ கேசட்டுக்கு விலை வைத்தாய். ஜனங்கள் அதை என் மேல் ஒட்டிவிட்டார்கள்.

வீட்டில் கதகதப்பாக இருக்கிறது. பாக்கியைக் கட்டிவிட்டேன். அந்தத் தொகையில் மிச்சம் ஒன்றும் இல்லை. சாப்பாட்டுக்கு வராதே.

பி.

* * *

சோஃபியா,
1999 ஜூலை 19

அண்ணி,

ஒன்பது மாதமாக என் எந்தக் கடிதத்துக்கும் நீங்கள் பதில் போடவில்லை. இதற்காவது போடுங்கள், விஷயம் பெரிது.

நீங்கள் கல்யாணங்களில் பாடி முடித்ததும் கேசட் விற்பதாக ஜெல்யாஸ்கோ டிரைகோவிடம் சொல்லியிருக்கிறான். சாலி வீட்டில் இரண்டு டேப் டெக்கை வைத்து நகல் எடுக்கிறார் என்றும், அட்டையில் உங்கள் கையால் எழுதிக் கொடுக்கிறீர்கள் என்றும் சொல்கிறான். நான் நம்பவில்லை. அப்புறம் அவனே ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். உங்கள் கையெழுத்தை எனக்குத் தெரியாதா?

அந்தப் பாட்டுகள் இப்போது கம்பெனியுடையவை. நகல் எடுத்தால் அதற்குப் பெயர் என்ன என்று உங்களுக்கே தெரியும். பாடியவரே எடுத்தாலும் அதே பெயர்தான். இந்த விலை நிற்பதே அதற்குக் கீழே யாரும் விற்கவில்லை என்பதால்தான். ஒரு இடத்தில் விட்டால் நாளைக்கு எல்லாச் சந்தையிலும் ஆரம்பித்துவிடுவார்கள்.

எனக்குப் புரியாதது ஒன்று. மூன்று சைபரை வெட்டிய புதுக் காசில் கியாஸ்க்கில் உங்கள் கேசட் இரண்டு லெவா. நீங்கள் ஐந்துக்கு விற்கிறீர்களாம். இது உண்மையா? யார் வாங்குகிறார்கள்?

ஒரு வழி இருக்கிறது. நகல் எடுக்காதீர்கள். ஜெல்யாஸ்கோவிடம் கம்பெனி கேசட்டை மொத்தமாக வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றரைக்குத் தரச் சொல்கிறேன். அதை நீங்கள் ஐந்துக்கு விற்றாலும் பத்துக்கு விற்றாலும் யாரும் கேட்க முடியாது. ப்ளீஸ் அண்ணி.

அசேன்

* * *

புர்காஸ்,
1999 ஆகஸ்ட் 1

அசேன்,

உண்மைதான். ஐந்து.

யார் வாங்குகிறார்கள் என்று கேட்டாயே. சொல்கிறேன், இதைக் கம்பெனியில் யாருக்கும் சொல்லிக் கொடுக்காதே, அதற்கும் ஒரு திட்டம் போடுவார்கள். ஐடோஸில் ஒரு கல்யாணம். பாடி முடித்து நான் வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு பஸ் டிரைவர் வந்தான், நாற்பது வயசிருக்கும். அவனிடம் கியாஸ்க் கேசட் இருக்கிறது, பஸ்ஸில் தினமும் ஓடுகிறதாம். "உங்க கையால ஒண்ணு வேணும்" என்றான். என்னிடம் இல்லை. அவன் முகம் வாடிவிட்டது. அன்றைக்குத்தான் சாலி டெக்கைத் துடைத்து வைத்தார்.

இப்போது நான் கேட்கிறேன், பெயர் என்ன, யாருக்கு என்று. எழுதிக் கொடுக்கிறேன். ஐந்து லெவா என்றால் ஆறு வைக்கிறார்கள். மீதி வேண்டாம் என்கிறார்கள். கூலி கொடுக்கும்போது மூக்கால் அழுத அதே ஆட்கள். கியாஸ்க்கில் இரண்டுக்குக் கிடைக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தே கொடுக்கிறார்கள். நீ ரூசே சந்தையில் நின்று பார்த்தாய், இதை மட்டும் பார்க்கவில்லை. அங்கே பாடினவள் யாரும் நிற்கவில்லை, அதனால்.

உன் வழியைப் பற்றி. வெலிசார் இந்தச் சமையலறை மேசையில் உட்கார்ந்து, விரலால் தட்டித் தட்டி, காபி ஆறிப்போக விட்டுப் போட்ட பாட்டு. அதை நான் ஜெல்யாஸ்கோவிடம் போய்க் காசு கொடுத்து வாங்க வேண்டுமா? மொத்த விலைக்கு? அவன் சிரித்துக்கொண்டே ரசீது எழுதுவான், நான் பையில் போட்டுக்கொண்டு வர வேண்டுமா? இதை எழுத உனக்குக் கை எப்படி வந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன்.

நிறுத்த மாட்டேன்.

பிசேரா

* * *

சோஃபியா,
1999 ஆகஸ்ட் 23

மதிப்பிற்குரிய திருமதி பிசேரா அவர்களுக்கு,

எங்கள் நிறுவனத்துக்கு உரிமையான ஒலிப்பதிவுகளைத் தாங்கள் அனுமதியின்றி நகலெடுத்து விற்று வருவது எங்கள் கவனத்துக்கு வந்துள்ளது. இதை உடனடியாக நிறுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம். தவறினால் காவல்துறையில் புகார் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

விற்பனைப் பிரிவு

அண்ணி, மேலே இருப்பதை டைப்பிஸ்ட் அடித்தாள், கீழே இருப்பதை நான் கையால் எழுதுகிறேன். தயவுசெய்து ஒரு மூன்று மாதம் சும்மா இருங்கள். வேறு கம்பெனிக்காரர்கள் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சொந்தக்காரி என்றால் மட்டும் விட்டுவிடுவாயா என்று டிரைகோவ் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். என் நிலைமையைக் கொஞ்சம் யோசியுங்கள்.

* * *

புர்காஸ்,
1999 அக்டோபர் 30

அசேன்,

நடந்ததை நீ கேள்விப்பட்டிருப்பாய். நான் என் வாயால் சொல்கிறேன்.

பொமோரியேவில் கல்யாணம். பெண்ணுக்குப் பூங்கொத்து கொடுத்துவிட்டு ஹோரோ ஆட்டத்துக்கு வட்டம் கட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு போலீஸ்காரர்களும் மப்டியில் ஒரு இன்ஸ்பெக்டரும் வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா ஏதோ சொந்தக்காரர்கள் என்று நினைத்து அவர்களுக்கு ராக்கியா ஊற்றிக் கொடுத்தார். குடித்துவிட்டுத்தான் என் பையைத் திறந்தார்கள்.

ஸ்டேஷனில் எனக்கு நாற்காலி போட்டார்கள், காபி கொடுத்தார்கள். அந்த இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷன். எழுதிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"கடையில என்ன விலை?"

"ரெண்டு."

"நீங்க?"

"அஞ்சு."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இருபது வருஷ சர்வீஸ்ல அசலவிட அதிக விலைக்கு விக்கற திருடன நான் பாத்ததில்லம்மா. இத எப்படி எழுதறது?" என்றார். எனக்கே சிரிப்பு வந்தது. பிறகு புகாரில் கையெழுத்து யாருடையது என்று கேட்டேன். படித்துக் காட்டினார். உன் குடும்பப் பெயரும் என் குடும்பப் பெயரும் ஒன்றாக இருப்பதைப் பார்த்துவிட்டு, "இவரு ஒங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

எனக்குக் காபி கொடுத்தார்கள் என்று எழுதினேன் அல்லவா. என்னோடு பிடித்துக்கொண்டு வந்த சாலிக்குக் கொடுக்கவில்லை. அவர் பெயரைக் கேட்டதும், ஜிப்ஸி என்று தெரிந்து, அவர்கள் குரல் மாறிவிட்டது. இரண்டு ராத்திரி உள்ளே வைத்திருந்தார்கள். தலைவன் அவர்தான், நான் வெறும் பாட்டுக்காரி என்று எழுதி முடித்துவிட்டார்கள். அவர் வீட்டிலிருந்து டெக்குகளையும் கிளாரினெட்டையும் எடுத்துக்கொண்டு போனார்கள். கிளாரினெட் எதற்கு என்று அவர் பெண்டாட்டி கேட்டிருக்கிறாள். குற்றத்துக்குப் பயன்பட்ட பொருளாம். இன்னும் திரும்பி வரவில்லை. அபராதத்தை நான் கட்டிவிட்டேன். அது எனக்கு வலிக்கவில்லை, நீ விலை வைத்தது போல அவர்களும் ஒரு விலை வைத்தார்கள். சாலி முகத்தை நான் எப்படிப் பார்ப்பது?

நேற்று செய்தியில் உன்னைக் காட்டினார்கள். மைதானத்தில் கேசட் குவியல், ரோட் ரோலர். நீ மஞ்சள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு அமைச்சக ஆள் பக்கத்தில் நின்றாய். குவியலின் ஓரத்தில் கையால் எழுதிய அட்டைகள் தெரிந்தன. கேமராக்காரன் அதைத்தான் கிட்டத்தில் காட்டினான், அழகாக இருந்ததோ என்னவோ. 'யானிட்ஸாவுக்கு' என்று ஒன்றில் எழுதியிருந்தது, கொடுப்பதற்காகப் பையில் வைத்திருந்தது. யானிட்ஸா யார் என்று உனக்குத் தெரியாது. அந்த பஸ் டிரைவரின் பெண். பத்தாம் வகுப்பு.

உனக்கு இனி எழுத மாட்டேன்.

* * *

சோஃபியா,
2003 பிப்ரவரி 3

அண்ணி,

மூன்று வருஷத்துக்கு மேல் ஆயிற்று. நீங்கள் எழுத மாட்டேன் என்றீர்கள். நானும் எழுதவில்லை. எழுதினால் என்ன எழுதுவேன் என்று எனக்குத் தெரியும், அதனாலேயே எழுதவில்லை. நான் கையெழுத்துப் போடாவிட்டால் வேறொருவன் போட்டிருப்பான் என்று எழுதியிருப்பேன். அது உண்மைதான். ஆனால் போட்டது நான்.

கம்பெனி மூடிவிட்டது. எந்த விலை வைத்தாலும் இனி ஆகாது. இன்டர்நெட் கிளப்பில் பையன்கள் ராத்திரியெல்லாம் பாட்டு இறக்கி, ஒரே சி.டி. தட்டில் நூற்றைம்பது பாட்டு ஏற்றி, சிநேகிதர்களுக்குச் சும்மா கொடுக்கிறார்கள். விற்பதுகூட இல்லை. திருடனின் விலைக்கு மேலே பழைய காசில் ஐந்நூறு லெவா வைத்து அவனை ஜெயிக்கலாம். சும்மா கொடுப்பவனை எதை வைத்து ஜெயிப்பது? டிரைகோவ் என்னைக் கூப்பிட்டு, "நீதானே விலை நிபுணன், இதுக்கு ஒரு விலை சொல்லு" என்றார். கிண்டலாகக்கூடச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டார். கிடங்கை ஒரு தயிர்க் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டாயிற்று. ஜெல்யாஸ்கோ செல்போன் விற்கிறான், நன்றாக இருக்கிறான்.

பாட்டுகளின் உரிமையை மொத்தமாக யாரோ வெளிநாட்டுக்காரருக்கு விற்கப் பார்த்தார்கள். வாங்க ஆள் வரவில்லை. எனக்கு வேலை நீக்கப் பணம் வர வேண்டியிருந்தது. அதற்குப் பதிலாக அண்ணனின் பாட்டுகளைக் கேட்டேன். டிரைகோவ் உடனே சம்மதித்துவிட்டார். பணமாகக் கொடுக்காமல் தப்பித்ததில் அவருக்குச் சந்தோஷம். நோட்டரி முன்னால் உங்கள் பெயருக்கு எழுதி வாங்கியிருக்கிறேன். இத்துடன் இருக்கிறது. இனி நீங்கள் எத்தனை நகல் வேண்டுமானாலும் எடுக்கலாம், என்ன விலைக்கு வேண்டுமானாலும் விற்கலாம்.

சாலிக்குக் கிளாரினெட் திரும்பக் கிடைத்ததா? விசாரித்தேன், பொமோரியேவில் யாருக்கும் தெரியவில்லை.

ஒரு தடவை வந்து பார்க்கலாமா?

அசேன்

* * *

புர்காஸ்,
2003 பிப்ரவரி 20

அசேன்,

பத்திரம் வந்தது. வாங்கிக்கொண்டேன். உன் பணம் போயிருக்கிறது, அதற்கு நன்றி சொல்ல வேண்டும். சொல்லிவிட்டேன் என்று வைத்துக்கொள்.

சாலிக்கு எதுவும் திரும்பக் கிடைக்கவில்லை. அவர் அதற்கு அடுத்த வசந்தத்திலேயே ஸ்பெயினுக்குப் போய்விட்டார், ஸ்ட்ராபெரி பறிக்க. குடும்பமும் போய்ச் சேர்ந்துவிட்டது. முதல் வருஷம் ஈஸ்டருக்கு ஒரு கார்டு போட்டார், முதுகு வலிக்கிறது என்று. அதற்கப்புறம் போடவில்லை. அவர் இல்லாமல் இன்னொரு கிளாரினெட்காரனோடு இரண்டு கல்யாணம் பாடிப் பார்த்தேன். சரிப்படவில்லை. இப்போது பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை செய்கிறேன். சத்தம் அதிகம், ஆனால் யாரும் பாடச் சொல்வதில்லை.

எத்தனை நகல் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று எழுதியிருக்கிறாய். யாருக்கு அசேன்?

போன மாதம் ஸ்லிவெனில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குச் சாப்பிடப் போயிருந்தேன், சொந்தத்தில். இருபது வயசுப் பெண் ஒருத்தி பாட வந்தாள். வெலிசாரின் பாட்டைத்தான் பாடினாள், அந்தக் கடைசியில் போட்டதில் இரண்டாவது. நன்றாகவே பாடினாள், இரண்டு இடத்தில் சொல்லை மாற்றிவிட்டாள், அது பரவாயில்லை. பிறகு என் மேசைப் பக்கம் தண்ணீர் குடிக்க வந்தாள். யார் பாட்டு என்று கேட்டேன். "யாரோடதும் இல்ல அத்த, பழைய நாட்டுப்பாட்டு. எங்க பாட்டி காலத்துலேர்ந்து இருக்கு" என்றாள். வெலிசார் இருந்திருந்தால் அவனுக்கு இப்போது நாற்பத்தொன்பது.

உன் பத்திரம் அன்றைக்கு என் கையில் இல்லை. இருந்தாலும் காட்டியிருக்க மாட்டேன். நன்றாயிருக்கிறது மகளே, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டேன்.

நீ வந்து பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறாய். மார்ச் முதல் தேதி சனிக்கிழமை, இறந்தவர்களுக்கான நாள். நான் கோதுமை வேகவைத்து, ஒயின் எடுத்துக்கொண்டு, காலையில் அவன் கல்லறைக்குப் போவேன். அவன் உன் அண்ணன், உன்னை வர வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. பூ வாங்கினால் இறந்தவர்களுக்கு வைக்கிற மாதிரி இரட்டைப்படையில் வாங்கு. மதியத்துக்கு மேல் வா. அதற்குள் நான் கிளம்பியிருப்பேன்.

பிசேரா